காலண்டரில் தோடி

ராபர்ட்சன்பேட்டைத் துணிக்கடை ஒன்றில் கொடுத்த காலண்டர் அது. அட்டையில் பழைய வடநாட்டு ஓவியம். தோளில் வீணையோடு ஒரு பெண் தனியாக நிற்பாள், சுற்றிலும் மான்கள். கீழே கன்னட எழுத்தில் 'தோடி' என்று ஒரே வார்த்தை.

அப்பா சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "கன்னடத்துல தோடின்னா தோண்டி. இவ புருசன் தோண்டப் போயிகீறான்" என்று தீர்ப்புச் சொன்னார். எங்கள் லைன் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தோண்டுவதைத் தவிர எங்களுக்கு வேறு என்ன தெரியும்?

அக்கா அதை அடுப்பங்கரையில் மாட்டினாள். சுரங்கத்தில் ஆள் குறைத்தபோது மாமா, அதாவது அவள் கணவர், வேலை தேடி மும்பைக்குப் போயிருந்தார். ஆறு மாதம் கடிதம் வந்தது. அப்புறம் நின்றுவிட்டது.

"இன்னாடி, ஒன் புருசன் இன்னும் மேல வர்ல?" என்று அரிசி களைந்தபடியே படத்துப் பெண்ணைக் கேலி செய்வாள். "ஷாப்ட்ல கேஜ் லேட்டாவுது போல. ஷிப்ட் முடிஞ்சா ஏறி வந்துதான ஆவணும்" என்று பதிலும் அவளே சொல்லிக்கொள்வாள். சுரங்கத்துக்குள் போனவர்கள் மேலே வர ஒரே வழி ஷாப்ட் என்கிற அந்த ஆழக் குழியும் அதில் ஏறி இறங்கும் கேஜ் என்கிற கூண்டும்தான். வருடம் முடிந்து தேதித்தாள் எல்லாம் கிழித்த பிறகும் படத்தைக் கழற்றவில்லை.

நான் அப்போது பெங்களூர்க் கல்லூரிக்கு ரயிலில் போய்வந்துகொண்டிருந்தேன். ஒருநாள் நூலகப் புத்தகத்தில் அதே படம். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தேன்.

"அக்கா, தோடின்னா தோண்டுறது இல்ல. அது ராகம் பேரு. அந்த ராகத்தத்தான் பொண்ணா வரைஞ்சிகீறாங்க. பிரிஞ்சி போனவன நெனச்சி வாசிக்கிறா. பாட்டக் கேட்டு மானுங்க வந்திச்சி."

"அவன்?"

"அவன் எங்க வந்தான்? மானுங்க மட்டும்தான்."

படித்த திமிர். அவள் யாரைப் பற்றிக் கேட்டாள் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. அந்த வாயை அன்றே தைத்துக்கொண்டிருக்கலாம் என்று எத்தனையோ முறை நினைத்து அழுதிருக்கிறேன். அக்கா எனக்குச் சோறு போட்டாள்.

மறுநாள் நான் திரும்பியபோது சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அப்பாவும் கவனித்துவிட்டார்.

"எங்கம்மா, தோண்டுறவன் பொண்டாட்டியக் காணோம்?"

அக்கா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "ஷாப்ட்ட மூடிட்டாங்கப்பா."