கொதித்த கிணறு

"பாய், எங்க கெணறு கொதிக்குது! வந்து பாருங்க!"

வடக்கனந்தலுக்குப் பக்கத்தில் ராஜேந்திரன் என்பவரின் கரும்புக் கொல்லையில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்துக் கொல்லைக்கார அம்மா அஞ்சலை வரப்பில் ஓடிவந்து இப்படிக் கத்தினார். பல வருஷம் ரிக் வண்டியில் வேலை பார்த்தவன் நான். பார்க்காமலே விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் போனேன். அவர் கிணற்றில் குபுகுபுவென்று குமிழி. கல்மாவு கலந்து தண்ணீர் வெளுத்திருந்தது.

பிள்ளைகளா, ஏன் என்று கேளுங்கள். கடல் தண்ணீர் வெயிலில் ஆவியாகி மேலே போகும், குளிர்ந்து மேகமாகும். காற்று அதைத் தள்ளிக்கொண்டு வரும்; கல்வராயன் மலையில் மழையாகக் கொட்டும். கொஞ்சம் கோமுகி ஆற்றில் ஓடி மறுபடியும் கடலைப் பார்க்கப் போய்விடும். கொஞ்சத்தை மரம் செடி குடித்து, இலை வழியாக ஆவியாக விடும். மிச்சம் மண்ணுக்குள் இறங்கும். நம் ஊரில் கீழே பாறைதான். அதன் வெடிப்புகளில் தண்ணீர் மெல்ல நகரும். கிணற்றில் ஊறுவது அதுதான்.

போர் போடும்போது கம்ப்ரசர் காற்றைக் குழிக்குள் அடிப்போம். அந்தக் காற்று அஞ்சலையின் கிணற்றில் குமிழி விட்டால் இரண்டுக்கும் ஒரே வெடிப்பு என்று அர்த்தம். போர், அவர் கிணற்றைவிடப் பல மடங்கு ஆழம். போரில் மோட்டார் போட்டால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? உங்களுக்கே தெரியும். எனக்கும் தெரிந்தது. திரும்பி வந்து ரிக் வண்டிப் பக்கத்தில் நின்றேன்.

"இன்னா பாய் நின்னுட்டீங்க? இப்பதான் தண்ணி காட்டுது, ஓட்டுங்க!" என்றார் ராஜேந்திரன்.

பின்னாலேயே வந்த அஞ்சலை என் முகத்தையே பார்த்தார். "எங்க கெணத்துக்கு ஒண்ணும் ஆவாதில்ல? நெல்லு கதிரு வுட்டுக்கினு இருக்குது பாய்."

"ஒண்ணும் ஆவாதும்மா. நாலு நாள்ல தெளிஞ்சிடும். மழ பேஞ்சா தானா நெம்பிடும்" என்றேன், வாய் கூசாமல்.

குழியிலிருந்து ராடை உருவிக்கொண்டு வேறு இடத்தில் பாயிண்ட் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம். கிடைத்த தண்ணீரை விட்டுவிட்டுப் போனவன் என்று ஊர் சிரிக்குமே என்று பயந்தேன். தண்ணீர் பீய்ச்சியடித்ததும் ராஜேந்திரன் சூடம் ஏற்றினார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன், வெட்கங்கெட்டவன்.

அடுத்த வருஷம் மழை முடிந்தபின் அஞ்சலையைச் சந்தையில் பார்த்தேன். நழுவப் பார்த்தேன், அவரே கூப்பிட்டார்.

"மழ பேஞ்சா நெம்பும்னீங்களே பாய். ஜாஸ்தியாவே பேஞ்சுது. வந்ததெல்லாம் அவுங்க போரே இழுத்துக்கிச்சி. கெணத்துல தவளகூட இல்ல. கொல்லய கரம்பா போட்டுட்டு, மூங்கில்துறைப்பட்டு பக்கம் கரும்பு வெட்டப் போய்க்கினு இருக்கேன்."

அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். இன்றைக்கும் நெஞ்சு உறுத்துகிறது.

இந்தத் தொழிலில் நான் கற்றது ஒன்றே ஒன்று. பக்கத்துக் கிணறு குமிழி விட்டால் கம்ப்ரசரை நிறுத்த வேண்டும். அன்றைக்கு நான் செய்தது தெரியாமல் செய்த தப்பில்லை. தெரிந்தவன் என்று நம்பித்தான் அந்த அம்மா என்னிடம் ஓடிவந்தார். அவரிடம்தான் பொய் சொன்னேன்.