நான் எழுதின ஒரு ‘ஓம்’

கம்பியூட்டருக்குச் சிஸ்டம் ஏத்துற தொழிலிலை பாதிச் சீவியம் ‘நெக்ஸ்ட்’ அமத்துறதிலை போயிடும். இதுக்குள்ளை மாட்டுப்பட்ட உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

உள்ளுக்கை ஆர்?

முல்லைத்தீவிலை, புத்தளத்திலை அகதியா இருந்திட்டுத் திரும்பி வந்து குடியேறின முஸ்லிம் குடும்பங்களின்ரை சங்கம் ஒண்டு. ஒரு பெரிய கம்பியூட்டரை வாங்கி, வீட்டை அறையாத் தடுக்கிற மாதிரி அதுக்குள்ளை ஆறு மெய்நிகர் மிசின் கேட்டினம். நெட்வேர்க் வழியா ஏத்த அங்கை இருக்கிற ரவுட்டர் விடாது. அதாலை, மிசின் கேக்கிற கேள்வி எல்லாத்துக்கும் பதிலை ஒரு ஃபைலிலை எழுதி, ஏத்துற சிஸ்டத்தோடை சேர்த்து, சிடி மாதிரி ஒவ்வொண்டிலையும் கொழுவிவிட்டன். மொழி என்ன, பேர் என்ன, டிஸ்கை அழிக்கவோ, எல்லாத்துக்கும் பதில் ரெடி.

கீபோட்டிலை ஒருத்தரும் கை வைக்கேல்லை. ஆறும் தன்பாட்டிலை ஓடிச்சுது. சங்கத்திலை பதிவு எழுதுற நூறியா அக்கா தேத்தண்ணியோடை வந்தவா, கோப்பையை வைக்க மறந்து பாத்துக்கொண்டு நிண்டா.

“தம்பி, உள்ளுக்கை இருந்து ஆர் பதில் சொல்லுறது?”

நேற்று

இடப்பெயர்விலை காணிப் பத்திரம் துலைச்ச குடும்பங்களின்ரை பேர், வீடிருந்த ஒழுங்கை, காணி எல்லை எல்லாத்தையும் அக்கா பட்டியலாக்கி வெள்ளிக்கிழமை கச்சேரிக்கு, அதுதான் மாவட்ட அரசாங்க ஒப்பீசுக்கு, குடுக்கவேணும். அதிலை பேர் இல்லாட்டி காணி விசாரணைக்கே கூப்பிடாயினம்.

செவ்வாய்க்கிழமை போன் எடுத்தா. திங்கள் அடிச்சது ஒண்டுமில்லையாம், மிசின் புதுசாக் கிடக்காம். சேவ் பண்ண மறந்திருப்பியள் எண்டு பெரிய மனிசன் கணக்காச் சொன்னன். புதன்கிழமையும் அதே கதை. அவவின்ரை குரலிலை கோவமில்லை. எனக்கு அதுதான் பயமாயிருந்தது.

“தம்பி, நான் நேற்று இஞ்சை வந்தனானோ எண்டே எனக்குச் சந்தேகமாக் கிடக்கு.”

கறண்ட் வந்த நேரம்

வியாழன் மத்தியானம் போய் அவவுக்குப் பக்கத்திலை இருந்தன். கறண்ட் நிண்டுது. திரும்பி வந்தது. மிசின் எழும்பி, நாங்கள் ரெண்டுபேரும் பாத்துக்கொண்டிருக்கவே, டிஸ்கை அழிக்கவோ எண்டு கேட்டு, ஓம் எண்டு தானே சொல்லிச்சுது. அந்த ஓம் நான் எழுதினது. ஏத்தி முடிச்ச நாள் டிஸ்கிலையிருந்து கையாலை எழுப்பிவிட்டிட்டு, சிடியைக் கழட்டாமல் வந்திட்டன், விசரன். கறண்ட் நிண்டு வாற நேரமெல்லாம் அது சிடியிலையிருந்து எழும்பி, அக்காவின்ரை பட்டியலைத் துடைச்சிருக்கு.

சிடியைக் கழட்டினன். மன்னிப்புக் கேட்டன். சனம் நிரப்பித் தந்த படிவங்களைத் தாங்கோ, நானும் சேர்ந்து அடிக்கிறன் எண்டன். படிவம் ஒண்டுமே இல்லையாம். அக்கா கதிரையை இழுத்துப்போட்டு அடிக்கத் தொடங்கினா. ஒரு கடதாசியும் பாக்கேல்லை. ஆர் வீட்டுக்குப் பக்கத்திலை ஆர் வீடு, எந்த மூலையிலை கிணறு எண்டு, இப்ப பத்தைக்காடு மூடிக் கிடக்கிற இடமெல்லாம் வரிசையா வந்தது. எப்பிடியக்கா எண்டு கேட்டன். கையை நிப்பாட்டாமலே சொன்னா:

“புத்தளத்திலை நித்திரை வராட்டி, ஒழுங்கை ஒழுங்கையா ஒவ்வொரு வீட்டுப் படலையையும் திறந்து பாத்துக்கொண்டுதான் கிடப்பன், தம்பி.”

பட்டியல் வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்திட்டுது. கறண்ட் நிண்டாலும் அழியாத ஒரே டிஸ்க் அந்தச் சங்கத்திலை அக்காதான் எண்டதை என்னை அங்கை அனுப்பின முதலாளிக்கு நான் இன்னும் சொல்லேல்லை.