தாங்கிக்குக் கிட்டப் பத்தக்கூடாது

போன கிழமை திருகோணமலை பஸ் நிலையத்தில் அயல்வீட்டுப் பிள்ளையைக் கையில் பிடித்தபடி நின்றேன். பக்கத்தில் சிகரட்டோடு நின்ற பொடியன் எங்களைக் கண்டதும், "பிள்ளை நிக்குது, நான் கவனிக்கேல்லை அம்மா" என்று காலில் போட்டு நசுக்கினான். எனக்கு அழுகை வந்துவிட்டது. நசுங்கிய சிகரட்டுக்கு அழுத மனிசியை நீங்கள் எங்கே கண்டிருக்கப்போகிறீர்கள்!

புகை மணம் என்றால் எனக்கு அப்பாதான். சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் அவருக்கு வேலை. வாசலிலேயே காவலாளி சட்டைப்பையைத் தடவி நெருப்புப்பெட்டியை வாங்கி வைத்துவிடுவான். அந்தக் கட்டுப்பாட்டில் அப்பாவுக்கு அப்படியொரு பெருமை. "ஒரு பொறி காணும், சீனன்குடாவே இராது" என்பார். பகல் முழுக்க அடக்கிய ஆசையை வீட்டில்தான் தீர்ப்பார். சாய்மனைக் கதிரையில் விழுந்தாரென்றால் ஒரு சுருட்டின் நெருப்பில் அடுத்தது பற்றும். மாரியில் யன்னலும் சாத்தியிருக்கும்.

தங்கை வதனிக்கு இழுப்பு. மூச்செடுக்க விலா எலும்பெல்லாம் தெரியும். அப்பா அவளைத்தான் மடியில் வைத்துக்கொள்வார். சுருட்டுப் புகை சளியை இளக்கும் என்று அவரும் கூட்டாளிகளும் நம்பினார்கள். செல்லமாக அவள் நெஞ்சில் ஊதியும் விடுவார்.

அம்மா ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டா: "தாங்கிக்குக் கிட்டச் சுருட்டுப் பத்தமாட்டியள். பிள்ளைக்குக் கிட்டப் பத்துறியள். வெளியில போய்ப் பத்துங்கோவன்."

அப்பா சிரித்தார். "தாங்கி அரசாங்கத்தின்ர. இது என்ர பிள்ளை."

"எனக்கு ஒண்டுமில்லையம்மா" என்று அப்பாவுக்குப் பரிந்து பேசப் போய், வதனி இருமினாள்.

அந்த மாரி முடியமுன் அவள் போய்விட்டாள். செத்தவீட்டுக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலைத் தட்டத்தில் சுருட்டும் வைப்பது அப்போது எங்கள் வழக்கம். அப்பாவே தட்டத்தை நீட்டினார். ஆளுக்கொன்றைப் பற்றவைத்துக்கொண்டு, "பாவம், பிள்ளைக்கு நெஞ்சு பலமில்லை" என்றார்கள். அம்மா மட்டும் சவப்பெட்டிக்கு மேலே வந்த புகையைக் கையால் விசிறிக்கொண்டிருந்தா.

"விடு பிள்ளை, இனி என்னத்துக்கு?" என்றா பெரியம்மா.

"இனியாவது" என்றா அம்மா.

அப்பா எண்பதைத் தாண்டி, நெஞ்சில் ஒரு குறையும் இல்லாமல் போய்ச் சேர்ந்தார். அம்மாவும் இல்லை. செத்தவீட்டுச் சுருட்டும் இல்லை. அந்த வீடு இருந்த இடமும் தெரியாது. தாங்கிகள் மட்டும் துருப்பிடித்தபடி நிற்கின்றன. அப்பாவின் சுருட்டிலிருந்து அவற்றின் மேல் ஒரு பொறிகூட விழவில்லை.