சரளைக்குள் புதைந்த வேன்

எத்தாளையில் எங்கள் வளவு முழுக்க மணல். கேற்றிலிருந்து வீடு வரை இன்டர்லொக் கல் பதிப்போம் என்று எவ்வளவோ கேட்டேன். கடற்கரை ஹோட்டலில் பார்த்ததுபோல வெள்ளைச் சரளைதான் வேண்டும் என்று கணவர் பிடிவாதமாகக் கொட்டுவித்தார்.

சென்ற மாதம் மகளுக்குப் பிரசவ வலி கண்டது. அவளை ஏற்றிய வேன் கேற்றைத் தாண்டுமுன் சரளைக்குள் புதைந்தது. மருமகன் முடுக்க முடுக்கச் சில்லு கீழேதான் போனது.

"உம்மா, ஏலாது!" என்று மகள் அலறினாள்.

"கொஞ்சம் பொறுங்க" என்றார் கணவர், கல்லைக் கையால் அள்ளியபடி.

"இன்னும் என்னத்தப் பொறுக்கிற? தள்ளுங்க!" என்று கத்திவிட்டு, வீட்டுக் கம்பளத்தை இழுத்துவந்து சில்லுக்கடியில் திணித்தேன். அயலவர்களும் சேர்ந்து தள்ள, வேன் மேலேறியது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த கையோடு பேரன் பிறந்தான், அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது சரளையை அள்ளிவிட்டு, மணலை இறுக்கி இன்டர்லொக் பதித்துவிட்டோம். பாரமேற்றிய வாகனத்தை உள்ளே ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் கல் பதித்த மேசனுக்குக் கூலி கொடுத்து அனுப்பினேன்.