பச்சை லுங்கியும் சிவப்புப் போர்வையும்

பல்லாவரத்துப் பிள்ளைகளுக்கு விமானம் ஒன்றும் அதிசயமில்லை. அது தலைக்கு மேலே போகும்போது பேச்சை நிறுத்திவிட்டு, சத்தம் ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். ஆனால் அதற்குள் எங்கள் வீட்டு ஆள் ஒருவர் உட்கார்ந்துகொண்டு போவார் என்று யாரும் நினைத்ததில்லை. அம்மாவின் தங்கை, எங்களோடேயே இருந்த என் சித்தி, நர்ஸ் வேலைக்குத் துபாய் கிளம்பியபோது எனக்கு எட்டு வயது.

துபாய் எவ்வளவு தூரம் என்று மாமாவைக் கேட்டேன். மாமா தாம்பரத்தில் டூவீலர் மெக்கானிக். தெரியாது என்ற சொல் அவர் வாயில் வந்ததே கிடையாது. மூவாயிரம் கிலோமீட்டர், நாலு மணி நேரம் என்றார். அதோடு விட்டிருக்கலாம். காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டு, நிமிஷத்துக்குப் பன்னிரண்டரை கிலோமீட்டர், ஏர்போர்ட்டிலிருந்து நம் வீடு மூன்று கிலோமீட்டர், ஆகவே கிளம்பிய பதினைந்தாவது விநாடி சித்தி நம் மாடிக்கு மேலே இருப்பாள் என்று முடித்தார்.

எனக்குத் தூக்கம் போயிற்று. அந்த ஒரு விநாடியில் சித்தி என்னைப் பார்க்காமல் போய்விட்டால்? சித்தியே என்னை வெள்ளிக்கிழமை சந்தைக்குக் கூட்டிப்போய், கண்ணைப் பறிக்கும் சிவப்பில் ஒரு போர்வை வாங்கினாள். ஜன்னல் சீட் கேட்டு வாங்கிக்கொள்வதாகவும், நான் இதை ஆட்டினால் கட்டாயம் பார்ப்பதாகவும் என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

பத்து மணிக்கு விமானம். அப்பா சித்தியை ஆட்டோவில் கூட்டிப்போன பிறகு பார்த்தால் போர்வையைக் காணோம்.

"போன எடத்துல போத்திக்க இன்னா கீது அவளுக்கு? புதுசாச்சேன்னு நான்தான் பெட்டில மேலாக்க வெச்சேன்" என்றாள் அம்மா.

நான் தெருவுக்கே கேட்கும்படி அழுதேன். மாமா கொடியிலிருந்த அப்பாவின் பச்சை லுங்கியை உருவி என் கையில் கொடுத்தார். பத்து மணிக்கு மாடி ஏறினோம். எது சித்தியின் விமானம் என்பது மட்டும் மாமாவின் கணக்கில் வரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் ஆட்டினோம். பக்கத்து வீட்டு அக்கா துண்டோடு வந்தாள், எதிர்வீட்டுப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். அழுகை போன இடம் தெரியவில்லை. மதியம்வரை பல்லாவரத்துக்கு மேலே பறந்த ஒருவரையும் நாங்கள் சும்மா அனுப்பவில்லை.

சாயங்காலம் சித்தி போன் செய்தாள். பார்த்தாயா என்று கேட்டேன்.

"பாத்தேன்டி. செக்கச்செவேல்னு நல்லா தெரிஞ்சுது."

லுங்கி விஷயத்தைச் சொன்னால் பாவம் வருத்தப்படுவாளே என்று நான் வாயைத் திறக்கவில்லை. மாமாவிடம் கேட்டதற்கு, அவ்வளவு வேகத்தில் பச்சை சிவப்பாகத்தான் தெரியும் என்றார். பள்ளிக்கூடம் முழுக்க அதைச் சொல்லிப் பெருமையடித்தேன்.

இரண்டு வருஷம் கழித்துச் சித்தி லீவில் வந்தாள். பெட்டியைத் திறந்ததும் வெளுத்துப்போன அந்தப் போர்வைதான் மேலே இருந்தது. அதைத் தள்ளிவிட்டுச் சாக்லேட்டைத் தேடினேன். துபாய் போன அன்றைக்கும் பெட்டியைத் திறந்து, முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் சித்தி எனக்குப் போன் செய்திருப்பாள் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.