கோதுமை ரொட்டியும் மாலை நடையும்

இரத்தம் எடுக்கும் வேலையில் நான் அதிகம் பார்ப்பது மனிதர்களின் காதுகளைத்தான். ஊசியைக் கண்டதும் எல்லோரும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்கள். நாளெல்லாம் ஆட்களின் கையைப் பிடித்திருந்தும் யாரோடும் பேசாமல் வீடு திரும்பும் தொழில் உங்களுடையதும் என்றால், என் நிலை உங்களுக்குப் புரியும். நியூ லின் ரயில் நிலையத்தை ஒட்டிய எங்கள் சிறிய இரத்தப் பரிசோதனை அறையில், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கை நீட்டியவர் ஒருவர்தான்: யோகேந்திரன் ஐயா.

வெறும் வயிறு

யாழ்ப்பாணத்துக்காரர். எழுபதை நெருங்கியவர். மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தார். சர்க்கரைக்குப் பயந்து சோற்றை விட்டுக் கோதுமை ரொட்டிக்கு மாறினார். சாப்பிட்டதும் நடக்கவும் தொடங்கினார். இரண்டு முறை பாதி வழியில் உடம்பெல்லாம் தடித்து மயங்கி விழுந்துவிட்டார். ரொட்டி தின்று சும்மா இருந்தால் ஒன்றுமில்லை. ரொட்டி தின்னாமல் நடந்தாலும் ஒன்றுமில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் ஆபத்து. கோதுமையிலுள்ள ஒரு புரதத்தை அவர் உடம்பு எதிரியாக நினைக்கிறதா என்று இரத்தத்தில் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர்.

முதல் நாள் அவர் கையில் நரம்பே கிடைக்கவில்லை. முந்தின மாலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். "இதுக்குப் பட்டினி வேண்டாம் ஐயா. சாப்பிட்டுத் தண்ணி குடிச்சிட்டு நாளைக்கு வாங்க" என்றேன். அவர் நம்பாமல் பார்த்தார்.

"இரத்தம் குடுக்கிறதெண்டால் வெறும் வயிறுதானே, பிள்ளை? இருவது வருசமா சுகருக்கு அப்பிடித்தான் குடுக்கிறன்."

சாப்பாட்டுக்குப் பின்

மறுநாள் வாசலில் நின்றவரின் கழுத்து முழுக்கச் சிவந்த தடிப்பு. மூன்று ரொட்டி சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸை விட்டுவிட்டு, வேகமாக நடந்தே வந்திருக்கிறார். படுக்கவைத்தேன். பக்கத்துக் கிளினிக் டாக்டர் வந்து மருந்து கொடுத்து, தடிப்பு அடங்கும்வரை கூடவே இருந்தார். சாப்பிடச் சொன்ன நான், எதைச் சாப்பிடக் கூடாது என்று சொல்லவில்லை. அது என் பிழை.

டாக்டர் சம்மதித்த பிறகு இரத்தம் எடுத்தேன். இந்தப் பரிசோதனை தேடுவது எப்போதும் இரத்தத்தில் இருப்பதை; அதற்காக ரொட்டியும் வேண்டாம், நடையும் வேண்டாம் என்று விளக்கினேன். அவர் கூச்சத்தோடு சொன்னார்:

"சுகருக்குச் சாப்பிட்டாப் பிறகும் ஒருக்கா எடுக்கிறவையெல்லோ. இந்தத் தடிப்பு வருத்தம் இரத்தத்துக்குள்ள வரட்டும் எண்டுதான் கெதியா நடந்தனான்."

யாரை அழைப்பது

அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற வரியை அவர் படிவத்தில் வெறுமையாக விட்டிருந்தார். வரவேற்பில் இருக்கும் டோங்கா தீவுக்காரி மெலே கேட்டபோது, வெகுநேரம் யோசித்து, கடல் கடந்து டொரொன்டோவில் இருக்கும் மகளின் எண்ணை எழுதினார். அவர் போன பிறகு, "அவள் அங்கிருந்து எப்போது வந்து சேர்வாள்?" என்று நான் சிரித்தேன். மெலே சிரிக்கவில்லை.

"உன் வேலைப் படிவத்தில் அந்த வரியில் யார் பெயர் இருக்கிறது? என் பெயர். அதுவும் நானே எழுதிக்கொண்டது."

மூன்று கட்டளைகள்

முடிவுகள் டாக்டருக்குத்தான் போகும், எங்களுக்கு வராது. ஆனால் யோகேந்திரன் ஐயா சில வாரம் கழித்துத் தானே வந்து சொன்னார். அந்தப் புரதம்தானாம். டாக்டர் சொன்னவை மூன்று: நடப்பதற்கு முன் பல மணி நேரத்துக்குக் கோதுமை கூடாது; மயக்கம் வந்தால் உடனே போட அவசர ஊசி எப்போதும் சட்டைப்பையில் இருக்க வேண்டும்; தனியாக நடக்கக் கூடாது.

முதல் இரண்டும் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் அந்த நடை ஒன்றுக்காகத்தான் அவர் தினமும் கதவைத் திறந்துகொண்டிருந்தார். புது ஊசியை மேசைமேல் வைத்து, அதையே பார்த்துக்கொண்டு கேட்டார்:

"ஊசி போடத் தெரிஞ்ச ஆளெண்டு எனக்கு உம்மை மட்டுந்தான் தெரியும், பிள்ளை. வேலை முடிஞ்சு ஒரு அரை மணித்தியாலம் வருவீரோ?"

இப்போது வேலை முடிந்ததும் நடக்கிறோம், பெரும்பாலும் பேசாமலேயே; ஊசியைக் கண்டு எல்லோரும் முகம் திருப்பும் இந்தத் தொழிலில், என்னை ஒருவர் தன்னோடு நடக்கக் கூப்பிட்டதுகூட ஓர் ஊசியை நம்பித்தான்.