ஒடியாவை நிறுத்தச் சொன்னேன்

கல்வி அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கோப்பு பார்த்தவன் நான். எந்த விண்ணப்பத்துக்கு எத்தனை நகல் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்தத் தைரியத்தில்தான் மாடியில் குடியிருக்கும் பெண்ணுக்கும் ஆலோசனை சொன்னேன்.

ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம். கணவனுக்கும் மனைவிக்கும் சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அப்பால் தொழிற்சாலையில் வேலை. மகள்கள் இருவர், எட்டு வயது, ஆறு வயது. தமிழ்ப் பள்ளியில் படிக்கிறார்கள். மூத்தவளுக்கு வாக்கியம் முழுதாக வராது, பாதியில் நின்றுவிடும். பள்ளியில் கவலைப்பட்டார்கள். இரண்டு மொழி சேர்ந்து குழந்தையைக் குழப்புகிறது, வீட்டில் ஒடியாவை நிறுத்து என்றேன். அவள் அதை அரசாணை போல நிறைவேற்றினாள். கடைக்கும் வேலைக்கும் போதுமான தமிழ் அவளிடம் இருந்தது. மகளைக் கொஞ்சுவதற்கு அது போதவில்லை. இரண்டு மாதம் மாடி அமைதியாக இருந்தது. நான் அதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்போதும் மூத்தவளின் வாக்கியம் நீளாததால், செங்கல்பட்டில் ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் தாயையும் மகள்களையும் அழைத்துப்போனேன். நான் மூன்று பிரதிகளில் நிரப்பியிருந்த விவரங்களை அந்த இளம்பெண் ஓரமாக வைத்துவிட்டு, மேசையில் ஒரு கதை சொல்லும் நான்கு படங்களை அடுக்கினார். சிறுமிகள் ஒவ்வொருவரும் அந்தக் கதையைத் தமிழில் ஒருமுறை, ஒடியாவில் ஒருமுறை சொல்ல வேண்டும். பயிற்சியாளருக்கு ஒடியா தெரியாது. அதனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் தாய் முதலில் மகள் சொன்னபடியே திருப்பிச் சொல்ல வேண்டும், பிறகு சரியாக எப்படி வரும் என்று சொல்ல வேண்டும்.

இளையவள் தமிழில் தடுமாறினாள். ஒடியாவில் தாய் இரண்டுமுறை சொன்னதும் ஒன்றாகவே இருந்தது; அவள் பேச்சில் திருத்த ஒன்றுமில்லை. மூத்தவள் முறை வந்தபோது தாய் முதல் தடவையே திருத்திச் சொல்லிவிட்டாள். பயிற்சியாளர் மறுபடி கேட்டார். மறுபடியும் திருத்தினாள்.

"வாய் வர மாட்டேங்குது மேடம். எம் பொண்ணு பேசுறதை நானே எப்டி ஒடச்சி சொல்றது?"

கடைசியில் சொன்னாள். ஒரு குட்டி வாக்கியம். அடுத்து, அதைப்போல் இருமடங்கு நீளத்தில் சரியான வாக்கியம். ஒடியா தெரியாத என் காதுக்கே அந்த வித்தியாசம் கேட்டது. ஒரு மணி நேரத்தில், நான்கு படங்களை வைத்துக்கொண்டு, தனக்குத் தெரியாத மொழிக்குள் இருந்த சிக்கலை அந்தப் பெண் கண்டுபிடித்துவிட்டார்.

சிக்கல் இரண்டு மொழியிலும் இருக்கிறது, ஒரே மொழி பேசியிருந்தாலும் இருந்திருக்கும், பயிற்சி கொடுக்கலாம் என்று விளக்கினார். பிறகு, "வீட்டுல ஒடியாவுலயே பேசுங்க. நெறைய பேசுங்க" என்றார்.

தாய் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "சார்தான் வேணாம்னாரு."

எத்தனையோ உத்தரவுகளுக்கு ரத்து ஆணை எழுதியிருக்கிறேன். "நான் சொன்னது தப்பும்மா" என்ற ஒரு வரிக்கு நேரம் பிடித்தது.

வீடு திரும்பும் ரயில் புறப்பட்டுக் கொளவாய் ஏரி வந்ததும் அவள் பேசத் தொடங்கினாள். மூச்சு விடாத ஒடியா. மூத்தவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஏதோ சுருக்கமாகச் சொன்னாள். தாய் திருத்தாமல் சிரித்தாள். உடனே சிறுமி என் பக்கம் திரும்பினாள். எனக்கு அந்த மொழி தெரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

"தாத்தா, கொக்கு... நெறைய."

அரைகுறை வாக்கியம்தான். ஆனால் அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று இரண்டு மொழியில் இரண்டுமுறை அதைக் கட்டியிருக்கிறாள்.